‘இதை எடுக்கலாமா?’: ஓர் அச்சகத்தின் செய்திக் குழுவைப் பிரித்து மாட்டிய கதை

மாலை 4.12-க்கு, அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் அறையிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது: “இதை எடுக்கலாமா?” 4.14-க்கு மேலாளர் பதில் போட்டார்: “எடுக்கலாம்.” கேட்டவர் மனத்தில் இருந்த ‘இது’, காலையில் வந்து அவர் கணினியில் இறக்கி வைத்திருந்த அட்டை ஃபைல். பதில் சொன்னவர் மனத்தில் இருந்த ‘இது’, 4.10-க்கு வந்த திருத்திய ஃபைல். அந்த இரண்டு நிமிடத்துக்குள் வேறொரு புத்தகத்தின் பைண்டிங் பற்றி ஆறு செய்திகள் புகுந்து, திருத்திய ஃபைலைக் கண்ணில் படாமல் மேலே தள்ளிவிட்டிருந்தன.

நான்கு பிளேட்டும் பழைய ஃபைலிலிருந்தே வந்தன. 1,100 அட்டைகள் அச்சாகி, லேமினேஷனும் முடிந்து, அடுக்கி வைத்த பிறகுதான் நூலாசிரியரின் தலைப்பெழுத்து தவறாக இருப்பதை ஒருவர் பார்த்தார். மறுநாள் காலை அலுவலக அறையில் ஆளாளுக்குத் தங்கள் கைபேசியை நீட்டி, “நான் தெளிவாகத்தானே கேட்டேன்”, “நான் தெளிவாகத்தானே சொன்னேன்” என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எரிச்சல் வந்ததே அதனால்தான்.

எனக்கு வேலை, பக்கங்களைக் கணினியில் அமைக்கும் டிடிபி பிரிவில். கணினி மக்கர் செய்தால், பிரிண்டர் பேப்பரை விழுங்கினால், இணையம் போய்விட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனவே “இந்தக் குழுவை ஏதாவது செய்” என்ற உத்தரவும் என் மேசைக்கே வந்தது. 34 பேர் இருக்கும் அச்சகம். குழு ஒன்று என்று பெயர், உண்மையில் ஏழு. ‘அலுவலகம்’, ‘அலுவலகம் புதியது’, ‘பைண்டிங் மட்டும்’, ‘அவசரம்’, இன்னும் சில. ‘அவசரம்’ என்ற குழுவில்தான் பிறந்தநாள் வாழ்த்துகள் அதிகம்.

வண்ணப் பென்சில்

மென்பொருளை மாற்றுவதற்கு முன் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவின் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்ய வசதி இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே வரும். ஒரு வாரத்துச் செய்திகளை எடுத்து, அச்சகத்துக்காரன் புத்தி, காகிதத்தில் அச்சிட்டேன். மொத்தம் 612 செய்திகள். வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலையை நகர்த்துகிற முடிவு என்றால் சிவப்பு. கேள்வி என்றால் நீலம். ‘சரி’, ‘ஓகே’, கட்டைவிரல், கும்பிடு எல்லாம் பச்சை.

முதல் சுற்று முடிந்தபோது தாள்கள் பச்சைப் பசேல் என்று இருந்தன, 230-க்கும் மேல். சிவப்பு 41. இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். இரண்டாவது சுற்றில் அந்த 41 செய்திகளை மட்டும், வேறு எதையும் பார்க்காமல், தனித்தனியாகப் படித்துப் பார்த்தேன். “அதை நிறுத்துங்கள்.” “இந்த சைஸ் வேண்டாம், அந்த சைஸ்.” “அப்படியே போடுங்கள்.” பதினெட்டுச் செய்திகள் இப்படி. எதை, எந்தப் புத்தகத்தில், எப்படியே என்று அச்சிட்ட தாளில் எங்கும் இல்லை. எழுதியவரையே கேட்டேன்; ஐந்துக்கு அவருக்கே நினைவில்லை.

நேரில் பேசும்போது அ, இ இரண்டு சுட்டையும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம். விரல் நீட்டுகிறோம், கண்ணால் காட்டுகிறோம், தாளைத் தூக்கிப் பிடிக்கிறோம். திரையில் விரல் இல்லை. ஆனால் செய்திக் குழுவில் நாம் பேசுகிற மாதிரியே எழுதுகிறோம். கடிதம் எழுதுகிற மாதிரி எழுதுவதில்லை. கடிதத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் ‘ஐயா’ என்றே தொடங்குவோம். அந்த ஒற்றை வரியைக் குழுவில் தொலைத்துவிட்டோம்.

ஏற்றுமதியான கோப்பில் ஒருவருடைய வரிகள் எல்லாம் ‘மீடியா தவிர்க்கப்பட்டது’ என்றே இருந்தன. படம் மட்டும் அனுப்புகிறவர். எங்கள் மூத்த மெஷின்மேன். 30 ஆண்டு அனுபவம். எழுத்தே இல்லாததால் அந்த வரிகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடப் பார்த்தேன். ஏதோ ஒரு சந்தேகத்தில் கைபேசியை எடுத்து அந்தப் படங்களைத் திறந்தேன். கீறல் விழுந்த பிளேட், அதன் ஓரத்தில் ஜாப் கார்டு. மை இறங்காத தாள், அதன் மேல் ஜாப் கார்டு. ஒரு படம்கூட ஜாப் கார்டு இல்லாமல் இல்லை. வேலை எண், புத்தகத்தின் பெயர், பிரதி எண்ணிக்கை எல்லாம் படத்துக்குள்ளேயே. 612 செய்திகளில் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியக்கூடியவை, ஒரு வார்த்தைகூட எழுதாத அந்த மனிதருடையவைதான்.

மெஷின் அருகே போய்க் கேட்டேன். “அண்ணே, ஏன் எல்லாப் படத்திலும் ஜாப் கார்டை வைக்கிறீர்கள்?”

அவர் துணியில் கை துடைத்தபடி சொன்னார்: “கார்டு இல்லாமல் ஒரு தாளாவது இந்த மெஷினில் ஏறுமா தம்பி? பேச்சு மட்டும் ஏன் கார்டு இல்லாமல் ஏறுகிறது?”

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு சர்வர் கட்டிய வேலைதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

1988-இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் எழுதிய ஐஆர்சி என்ற அரட்டை மென்பொருள் முதல் இன்றுவரை குழு உரையாடலின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை: ஓர் அறை, அதற்குள் எல்லாரும், செய்திகள் கீழே கீழே சேரும். ஐஆர்சி அறைக்கு ஒரு தலைப்பு வைக்கலாம். ஆனால் அறை முழுவதற்கும் அந்த ஒன்றுதான். ஸ்லாக் ஒரு விளையாட்டு நிறுவனம் தன் உள்வேலைக்காகக் கட்டிய கருவி. கிளிட்ச் என்ற அந்த விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது, கருவி பிழைத்துக்கொண்டது. அதிலும் அறைதான், விரும்பினால் ஒரு செய்திக்குக் கீழே கிளையாகப் பேசலாம். ‘விரும்பினால்’ என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் ஆட்கள் விரும்ப மாட்டார்கள். நானே விரும்ப மாட்டேன். தவிர, அதன் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் மறைந்துவிடும். மறுபதிப்புக்காக இரண்டு வருடம் கழித்து வருகிற புத்தகங்களை வைத்துக்கொண்டு அது சரிப்படாது.

சொந்தச் சர்வரில் வைத்துக்கொள்ளக்கூடிய மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுவிப் பார்த்தேன். நல்ல கருவிகள். மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்கும் எலிமென்ட், முனைக்கு முனை மறையாக்கம் (பேசுகிறவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) தேவைப்படுகிறவர்களுக்குச் சிறந்தது. ஆனால் சாவியைத் தொலைத்துவிட்டு “பழைய செய்தி தெரியவில்லை” என்று 34 பேரில் எத்தனை பேர் என்னிடம் வருவார்கள் என்று கணக்குப் போட்டதும் பின்வாங்கினேன்.

கடைசியில் ஜூலிப். 2014-இல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2015-இல் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்ட மென்பொருள். இதில் அறைக்குள் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு உண்டு. தலைப்பில்லாத செய்தியை ஏற்காதே என்று நிர்வாக அமைப்பில் கட்டாயமாக்கவும் முடியும். கடிதத்தின் ‘பொருள்’ வரி திரும்பக் கிடைத்துவிட்டது. மெஷின் அண்ணனின் ஜாப் கார்டும்தான்.

நிறுவியதும் நொந்ததும்

4 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வர், அதில் உபுண்டு இயங்குதளம். நிறுவும் கட்டளை ஒன்றே போதும். பாதுகாப்புச் சான்றிதழைக்கூட அதுவே வாங்கிப் பொருத்திக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் உள்ளே நுழையும் திரை வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எழுந்து போனேன். அது தவறு.

முதல் தடங்கல், மின்னஞ்சல். அழைப்புகள் மின்னஞ்சலில் போகும், ஒருவருக்கும் போகவில்லை. வெளியே செல்லும் அஞ்சலுக்கான சர்வர் விவரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், அப்போதும் போகவில்லை. சோதனை அஞ்சல் அனுப்ப ஒரு கட்டளை இருக்கிறது என்பதை மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஆவணத்தில் பார்த்தேன். அதை ஓட்டியதும் பிழை முகத்துக்கு நேராக வந்து நின்றது: அஞ்சல் சர்வரின் துறை எண் (போர்ட்) தவறு. அதைவிடப் பெரிய சங்கதி, பைண்டிங் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. அச்சகத்தின் பெயரில் அவர்களுக்கு முகவரி உருவாக்கி, கணக்கும் நானே திறந்து, கைபேசியில் ஏற்றியும் கொடுத்தேன். இந்த வேலையை எந்த நிறுவல் கையேடும் சொல்லாது. இரண்டு நாள் இதற்கே போயிற்று.

இரண்டாவது, கைபேசி ஒலிக்கவில்லை. செயலியைத் திறந்தால் செய்தி இருக்கும். மூடியிருந்தால் அறிவிப்பு வராது. காரணம் நியாயமானது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அறிவிப்பு என்பது கூகுள், ஆப்பிள் சர்வர்கள் வழியாகத்தான் கைபேசிக்குப் போய்ச் சேரும். சொந்தச் சர்வரில் ஓடுகிற ஜூலிப், அந்த அறிவிப்புகளை ஜூலிப் நிறுவனத்தின் சேவை மூலம் அனுப்ப வேண்டும். அதற்கு நம் சர்வரை அங்கே பதிவு செய்து, ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற திட்டத்தையும் எடுக்க வேண்டும். பதிவு செய்ததும் அலுவலகம் முழுக்க ஒரே நேரத்தில் கிணுகிணு என்றது. பிறர் சர்வர் வழியே போகிற சங்கதி என்பதால் அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைக்கவும் ஓர் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது, தமிழ். செய்திகளுக்குள் தேடும் முழு உரைத் தேடல் இயல்பாக ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ‘முன்னுரை’ என்று தேடினால், இருப்பதும் இல்லை என்றது. பிஜிரூங்கா என்ற நீட்சியைத் தரவுத்தளத்தில் சேர்த்தால் எல்லா மொழிக்கும் தேடல் வேலை செய்யும் என்று ஆவணம் சொல்கிறது. சேர்த்த பிறகு கிடைத்தது. தமிழில் வேலை நடக்கிற எந்த அலுவலகமும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. நான் இரண்டு மாதம் கழித்துச் செய்தேன்.

தலைப்பிலும் தமிழ் ஒரு சேட்டை செய்தது. தலைப்புக்கு 60 எழுத்து வரை அனுமதி. 60 தாராளம்தானே என்று நினைத்தால், கணினி எண்ணுவது வேறு கணக்கு. ‘புத்தகம்’ நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் எட்டு. ஒவ்வொரு புள்ளியும் கொம்பும் தனியாக ஓர் இடம் பிடிக்கும். நீளமான பெயருள்ள ஆய்வு நூல்கள் பாதியில் முறிந்து நின்றன.

பத்தொன்பது அறைகள்

இனி என் முட்டாள்தனம். அச்சகத்தின் அமைப்பை அப்படியே வரைந்து பத்தொன்பது அறைகள் திறந்தேன்: டிடிபி, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, பிளேட், மெஷின் ஒன்று, மெஷின் இரண்டு, லேமினேஷன், பைண்டிங், கட்டிங், பொதி, அனுப்புகை என்று போகும். பார்க்க அழகாக இருந்தது. ஒரு புத்தகம் இதில் ஒன்பது அறைகள் வழியாகப் பயணம் போக வேண்டியிருந்தது. அட்டையில் மாற்றம் என்றால் எந்த அறையில் சொல்வது? வடிவமைப்பா, பிளேட்டா, மெஷினா? மூன்றிலும் சொன்னார்கள். மூன்று இடத்தில் மூன்று பதில்கள். பழைய குழுவே மேல் என்று ஒருவர் சொன்னார். அந்த வாரம் அவர் சொன்னது சரிதான்.

பத்தாவது நாள் பத்தொன்பதை ஐந்தாக்கினேன். நடக்கிற வேலைகள், மெஷின் பராமரிப்பு, காகிதம் – மை – சரக்கு, விடுப்பும் ஷிஃப்டும், அரட்டை. அவ்வளவுதான். ‘நடக்கிற வேலைகள்’ அறைக்குள் ஒவ்வொரு புத்தகமும் ஒரு தலைப்பு. தலைப்பு ஜாப் கார்டு எண்ணில் தொடங்கும், பிறகு புத்தகத்தின் சுருக்கப் பெயர்: ‘2417 கிணறு’ என்கிற மாதிரி. டிடிபி முதல் அனுப்புகை வரை அந்தப் புத்தகத்தைத் தொடுகிற எல்லாரும் அந்த ஒரு தலைப்புக்குள்ளேயே பேசுவார்கள். புத்தகம் அச்சகத்தை விட்டுப் போனதும் அனுப்புகைக்காரர் தலைப்பை முடிந்ததாகக் குறிப்பார். பெயருக்கு முன்னால் ஒரு சரிக்குறி விழும்.

எண்ணில் தொடங்கியதற்கு இன்னொரு நன்மை பிறகுதான் தெரிந்தது. தமிழ்த் தட்டச்சுக்குச் சிரமப்படுகிற யாரும் நான்கு இலக்கத்தை அடித்தாலே தலைப்பு வந்துவிடுகிறது. மெஷின் அண்ணன் இப்போதும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. நான்கு எண், ஒரு படம்.

தவறான தலைப்பில் விழுந்த செய்தியை எடுத்துச் சரியான தலைப்பில் வைக்க முடியும் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர். முதல் மாதம் முழுக்க நான் செய்தது அதுதான். சட்டை மடிக்கிற மாதிரி தினமும் காலையில் அரை மணி நேரம். யாரையும் திட்டவில்லை, “தவறான இடம்” என்று அறிவிக்கவும் இல்லை. செய்தியை நகர்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இரண்டாவது மாதம் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஒரு தாள் விதிகள்

விதிகளை எழுதி ஒட்டினோம். முதலில் பதினான்கு எழுதினேன். மேலாளர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நான்கு சொல்” என்றார். அந்த நான்கில் இரண்டுதான் உண்மையிலேயே வேலை செய்தன.

ஒன்று, ‘வணக்கம்’ விதி. “வணக்கம் சார்” என்று அனுப்பிவிட்டு எதிர்த்தரப்பு “சொல்லுங்கள்” என்று சொல்லும்வரை காத்திருக்கிற பழக்கம். நேரில் அது மரியாதை. வாசலில் நின்று செருமுகிற மாதிரி. எழுத்தில் அது இரண்டு பேரைக் கட்டிப்போடுகிறது. வணக்கம் வேண்டாம் என்று சொன்னால் முதியவர்கள் மனம் கோணும். எனவே விதியை இப்படி எழுதினோம்: “வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில்.” ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

இரண்டு, எண்ணைத் திருத்தாதீர்கள். இதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரதி 1,000 என்று ஒருவர் போட்டார். மெஷின் பக்கம் படித்துவிட்டார்கள். எட்டு நிமிடம் கழித்து அதே செய்தியைத் திருத்தி 1,200 ஆக்கினார். திருத்தினால் கைபேசி ஒலிக்காது. படித்தவருக்கு அது பழைய செய்தி. திருத்தியவருக்கு அவர் சொல்லிவிட்டார். காகிதம் 1,000-க்கே வெட்டப்பட்டது. பழைய ‘இதை எடுக்கலாமா’ கோளாறேதான், வேறு வேடத்தில். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை திருத்தலாம். ஜூலிப்பில் எவ்வளவு நேரம் என்பதை நிர்வாகி வைக்கலாம். நான் ஒரு நிமிடமாக்கினேன். எழுத்துப்பிழைக்கு அது போதும். எண், அளவு, தேதி மாறினால் பழைய செய்தியை மேற்கோளிட்டுப் புதிய செய்தி. திருத்த வரலாறு பதிவாகிறதே என்று கேட்கலாம். விபத்து நடந்த பிறகு யார் எப்போது மாற்றினார் என்று பார்க்க அது உதவும், விபத்தைத் தடுக்காது.

எல்லாரையும் ஒரே அடியில் கூப்பிடும் குறியை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தேன். பச்சைக் குப்பை தானாகவே குறைந்தது, ஏனென்றால் ‘சரி’க்குப் பதிலாகச் செய்தியின் மேலேயே ஒரு கட்டைவிரலை ஒட்டலாம், அதற்கு யார் கைபேசியும் அலறாது.

இரவு

பச்சைப் புள்ளி பிரச்சினை பழையது. ஆள் இருக்கிறாரா, இல்லையா, வெளியே போயிருக்கிறாரா, தொந்தரவு செய்யக்கூடாதா என்று நிலை காட்டுவது உடனடிச் செய்தி மென்பொருள்களில் 1990-களிலிருந்தே இருக்கிறது. அன்று அது மேசைக் கணினி. ஆள் எழுந்து போனால் புள்ளி அணையும். இன்று கைபேசி சட்டைப் பையில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வேறு எதற்கோ கைபேசியைத் தொட்டவர் ‘இருக்கிறார்’ ஆகிவிடுகிறார்.

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு அறுந்திருக்கும் உரிமை பற்றிப் பணியாளர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இப்படியான உரிமை நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு அந்த அளவு இல்லை. இரவு ஷிஃப்ட் இருப்பதால் ‘ஏழு மணிக்கு மேல் செய்தி கூடாது’ என்று சொல்லவும் முடியாது. இரவு ஷிஃப்ட்காரருக்கு அதுதான் வேலை நேரம். எனவே அனுப்புகிறவரைத் தடுக்காமல், பெறுகிறவரின் கைபேசியை அடக்கினோம். ஒவ்வொருவரும் தன் ஷிஃப்டுக்கு வெளியே அறிவிப்பை நிறுத்தி வைப்பார். நினைவுக்கு வந்ததை உடனே எழுதிவிட நினைப்பவர் காலை நேரத்துக்குத் திட்டமிட்டு அனுப்பலாம். மெஷின் நின்றுவிட்டால்? போன் செய்ய வேண்டும். அவசரம் என்றால் குரல், எழுத்து இல்லை. இதைச் சொன்னபோது நிறையப் பேர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ‘அவசரம்’ குழுவை அன்றே கலைத்தோம்.

தீராதவை

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களை நகர்த்த முடியாது. ஒரே ஒரு அலுவலகக் கைபேசி, அதோடு இணைத்த ஒரு கணினி, அதற்குப் பொறுப்பாக ஒருவர் என்று வைத்திருக்கிறோம். வருவதை அவர் உரிய எண்ணுள்ள தலைப்புக்கு மாற்றுவார். படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஒருமுறை அட்டை ஓவியம் நீளப்பக்கம் 1,600 பிக்சலாக வந்து சேர்ந்தது. எட்டரை அங்குல உயரத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், 2,550 வேண்டும். வந்ததில் 188-தான் தேறும். திரையில் பளபளவென்று இருந்தது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சொந்தக் கைபேசியில் வேலைப் பேச்சு நடப்பதை நிறுத்தியதற்கு இன்னொரு காரணம், ஆள் போனால் பேச்சும் அவரோடு போய்விடுகிறது. பெரிய இடங்களில் இது விளையாட்டல்ல. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், ஊழியர்கள் சொந்தக் கைபேசியில் நடத்திய தொழில் பேச்சைப் பாதுகாத்து வைக்காததற்காக 16 நிதி நிறுவனங்கள் மீது மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. எங்களிடம் கேட்க எந்த ஆணையமும் வராது. மறுபதிப்பு கேட்டு நூலாசிரியர் வருவார், அவ்வளவுதான்.

தனிச்செய்தியைப் பற்றி ஒரு கூட்டத்தில் நேராகச் சொல்லிவிட்டேன். நிர்வாகித் திரையிலிருந்து பிறருடைய தனிச்செய்தியை நான் பார்க்க முடியாது. ஆனால் சர்வரின் சாவி என்னிடம் இருக்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து படிக்க வேண்டும் என்று நினைப்பவனுக்கு அது முடியும். மேலாளரைப் பற்றிப் புலம்ப வேண்டுமானால் தேநீர் நேரத்தில் புலம்புங்கள் என்றேன். மேலாளரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் முடிவுகள் தனிச்செய்திக்குள் நழுவுவது நிற்கவில்லை. “உங்களிடம் தனியாகச் சொன்னேனே” என்று யாராவது சொல்வது இன்றும் வாரத்துக்கு ஒருமுறை என் காதில் விழுகிறது.

காப்புப் பிரதி இரவு இரண்டு மணிக்குத் தானாக எடுக்கிறது. எடுத்ததை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தபோது முதல் முறை மறுத்துவிட்டது: மீட்கிற இடத்திலும் ஜூலிப்பும் அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். இப்போது காப்புப் பிரதியோடு பதிப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதி அலமாரியில் வைக்கிறேன்.

போன வாரம் 2417-க்கு மறுபதிப்பு வந்தது. பழைய தலைப்பையே திறந்து அதில் தொடர்வதா, புதிய எண்ணில் தொடங்குவதா என்று ஒரு விவாதம். பழையதில் தொடர்ந்தால் முதல் பதிப்பின் 1,000-மும் இப்போதைய 500-ம் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும். புதிதாகத் தொடங்கினால் அட்டை வண்ணம் பற்றி முன்பு பேசியதெல்லாம் வேறிடத்தில் கிடக்கும். அரை மணி நேரம் பேசி முடிவுக்கு வராமல் இருந்தபோது, மெஷின் அண்ணன் புதிய ஜாப் கார்டையும் பழைய ஜாப் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம் வந்து விழுந்தது. தலைப்பு: 2588.